களத்தில் சொல்லாத சொல்

பாலை மரத்துக் கொப்பில் ஒன்றரை மணித்தியாலம் தொங்கியவன் நான். இதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் ஓட்டமாவடிச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கிற எவனாவது கையும் காலும் வைத்து உங்களுக்குச் சொல்லுவான், அதில் ஒரு கரடியும் வரும். கரடி வரவில்லை. வல்லாஹி, வரவேயில்லை. பாலைப்பழம் பழுத்த காலம், கைக்கு எட்டியதைப் பறித்துத் தின்றுகொண்டு தொங்கினேன், அவ்வளவுதான்.

என் பெயர் முத்தலிப். லேண்ட்மாஸ்டர் என்கிற கை டிராக்டர் ஓட்டுகிறேன், பின்னால் பெட்டி. நெல் மூட்டை, மணல், கல்யாண வீட்டுக் கதிரை, எது சொன்னாலும் ஏற்றுவேன். இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, பறக்கிற செட்டையும், அதுதான் சிறகு, ஏற்றினேன். ஆனால் இது என் கதை அல்ல. என்னை அந்த மரத்தில் தொங்கவிட்ட கேதீஸ்வரியின் கதை. அவளைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் 'பறக்கும் பெண்' என்று எழுதினான். எனக்கு வந்த கோபம்! பறக்கிறது காகமும்தான் பறக்கிறது. கேதீஸ்வரி காற்றைப் படித்தவள், அதை அவன் எழுதவேயில்லை.

அவள் பிறந்தது கிரானுக்கு மேற்கே, பூனைக்கல்மலை அடிவாரத்து வட்டையில், அதாவது வயல்பரப்பில். மலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வயல்வெளிக்கு நடுவே எழும்பி நிற்கிற கருங்கல் குன்று, ஏற அரை மணித்தியாலம் எடுக்கும். தகப்பன் வினாயகமூர்த்திக்கு ஆண்பிள்ளை கிடையாது. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது ஊரில் வாலிபர் ஒருவரும் மிஞ்சவில்லை. ஓடினவர் ஓட, பிடிபட்டவர் பிடிபட, களவெட்டியில், அதாவது நெற்களத்தில், சூடு மிதித்துப் பிரித்த நெல் அப்படியே குவிந்து கிடந்தது. பெண்கள் களவெட்டிக்குள் காலே வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து முறை. வினாயகமூர்த்தி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பதினான்கு வயது மகளை அவுரியில் ஏற்றிவிட்டார். அவுரி என்பது கால் நட்டுக் கட்டிய உயரமான பரண். அதில் நின்று முறம் போன்ற சுளகால் நெல்லை விழுத்தினால் பதரைக் காற்று கொண்டுபோகும், மணி நேரே கீழே குவியும். ஊரில் பெரிய ஆட்கள் வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள். பேசினவர்களின் நெல்லையும் அந்தப் போகம் அவள்தான் தூற்றிக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நெல் குவிந்து கிடக்கும் களவெட்டிக்குள் நாங்கள் 'இல்லை' என்ற சொல்லை எடுக்கமாட்டோம். போதாது என்கிற 'காணாது', 'முடிஞ்சுது' இரண்டும் அப்படித்தான். சாக்குத் தீர்ந்தால் 'சாக்கு நிறைஞ்சிட்டு' என்போம். காற்று விழுந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்போம், கேட்டால் 'வரும்' என்போம். இல்லை என்று சொன்ன களத்தில் நெல்லும் இல்லாமல் போகும் என்று பயம். தமிழ் ஆட்களின் களத்திலும் இதுதான், எங்கள் முஸ்லிம் ஆட்களின் களத்திலும் இதுதான். சின்ன வயதில் நான் களத்துக்குள் நின்று 'தண்ணி இல்ல வாப்பா' என்று கத்திவிட்டேன். வாப்பா சுளகைத் திருப்பிப் பிடித்து முதுகில் போட்ட அடி இன்னும் நினைவிருக்கிறது.

இருபத்து நான்கு வயதில் பெரியகல்லாற்றுக்குக் கல்யாணம் கட்டிப் போனாள் கேதீஸ்வரி. மாப்பிள்ளை யோகராசா கடலுக்கும் போவார், வாவிக்கும் போவார். நல்ல மனிதன், கொஞ்சம் வாய்க்காரன். மகள் நிருஷாவுக்கு இரண்டு வயதானபோது அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை வந்தது. யோகராசா கடற்கரையில் வலையோடு நின்றார். இவள் பிள்ளையோடு வாவிப்பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியபோது தெருவால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மாடிவீட்டுப் படியில் ஏறிவிட்டாள். யோகராசாவை நாலாம் நாள் கண்டெடுத்தார்கள்.

இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். என்னை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள், எங்கள் ஆட்களில் அண்ணன் என்று பொருள். "கடல் ஒண்டும் சொல்லாம வந்திச்சு நானா. ஒரு இலை ஆடல்ல. காத்தெண்டா அப்பிடிச் செய்யாது. சொல்லிப்போட்டுத்தான் வரும்."

தகப்பனிடம் திரும்பி வந்தாள். இரண்டாயிரத்து ஏழில் வாவிக்கு மேற்கே இருந்த படுவான்கரைச் சனமெல்லாம் செல் குண்டடிக்குத் தப்பி வாவியைக் கடந்து ஓடியபோது அவளும் ஓடினாள். கூடார முகாமில் இருந்த காலத்தில் ஒரு நாள் கச்சான் காற்று வந்து கூடாரம் கூடாரமாய்ப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் இருந்த வரிசை மட்டும் அசையாமல் நின்றது. வாசலை எந்தப் பக்கம் வைப்பது, எந்தக் கயிற்றை இளக்கி விடுவது என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லியிருந்தாளாம். முகாம் கலைந்து ஊர் திரும்பியபோது அவர்களின் சட்டி பானையை ஏற்றி வந்தது என்னுடைய லேண்ட்மாஸ்டர். அப்படித்தான் எனக்கு அவளைத் தெரியும்.

இனி என் மச்சான் றிப்ஷான். என் மனைவி றபீக்காவின் தம்பி. ஆறு வருடம் அரபு நாட்டில் இருந்தான். உல்லாசப் பயணிகளை மலைக்கு ஏற்றி இறக்குகிற சாரதி வேலை. அங்கே ஒரு வெள்ளைக்காரன் இவனுக்குப் பாராகிளைடிங் பழக்கி, பழக்குநர் சான்றிதழும் எடுத்துக் கொடுத்துவிட்டான். யுத்தம் முடிந்த அடுத்த தை மாதம் வந்து இறங்கினான். வீடு நிறையச் சனம். பெரிய பையைத் திறந்தான். உள்ளே துணி, கயிறு, துணி, கயிறு.

"ஊருலகத்துல டீவி கொண்டு வாறான், போர்வை கொண்டு வாறான்" என்று றபீக்கா தலையில் கை வைத்தாள். "என்ட தம்பி கூடாரம் கொண்டு வந்திரிக்கான். சனம் முகாமுல கிடந்தது காணாதெண்டு!"

"கூடாரமில்ல ராத்தா, செட்டை. இதால பறக்கலாம்."

"பற. பறந்து அங்கேயே திரும்பிப் போ!"

பூனைக்கல்மலைக்கு ஆமிக் கேம்பில் கடிதம், பிரதேச செயலகத்தில் கடிதம் என்று ஒரு மாதம் அலைந்து அனுமதி எடுத்தான். கண்ணிவெடி எடுத்து முடித்த மலை என்று பலகையும் போட்டிருந்தது. முதல் நாள் அவன் பாறையிலிருந்து ஓடி, அந்தச் செம்மஞ்சள் செட்டை விரிந்து வயலுக்கு மேலே வந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! ஆனால் வட்டையில் நின்ற சனம் என்ன செய்தது தெரியுமா? வானத்தில் ஒன்று வருகிறது என்றதும் அத்தனை பேரும் வரம்பில் குப்புற விழுந்துவிட்டார்கள். கிபிர் விமானம் வந்து குண்டு போட்ட பழக்கம். றிப்ஷான் இறங்கி வந்து ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டான். அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் நாள்தான் விசயம் நடந்தது. மாசி மாதம், அறுவடைக் காலம். மெசின் வர வழியில்லாத வட்டை, கேதீஸ்வரி அவுரியில் நின்று தூற்றிக்கொண்டிருந்தாள். மேலே றிப்ஷான் செட்டையை விரித்துவிட்டு நின்றான், நான் பக்கத்தில் நின்றேன். திடீரென்று அவள் சுளகைக் கீழே வைத்தாள். அவுரியால் இறங்கி ஓடிப்போய் நெல்லின் மேல் பாயை இழுத்து மூடினாள்.

"மச்சான், அந்தப் பொம்பிளை ஏன் மூடுறா? மழையா?" என்றான் றிப்ஷான்.

"வெயில் கொளுத்துது, எங்க மழை?" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, காற்று அப்படியே மறுபக்கம் திரும்பி அடித்தது. செட்டை எழும்பி றிப்ஷானைப் பாறையில் இருபது அடி இழுத்துக்கொண்டு போனது. முழங்கை முழங்கால் எல்லாம் தோல் போய்விட்டது. அவன் அந்த இரத்தத்தோடே இறங்கி அவளிடம் போனான்.

"அக்கா, காத்து மாறப்போகுது எண்டு எப்பிடித் தெரியும்?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காத்து மாறமுந்தி கொஞ்ச நேரம் மூச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கும் தம்பி. காதுக்குப் பின்னால வேர்வை காயாது. அப்ப மூடாட்டி பதரெல்லாம் திரும்பி நெல்லுல விழும். முதல்ல முழங்காலைக் கழுவுங்க, இரத்தம் வருது."

அன்றைக்கே றிப்ஷான், பறக்கப் பழகச் சொல்லி, அவளைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குச் செட்டை தெரியும், அவளுக்கு எங்கள் காற்றுத் தெரியும். கடலிலிருந்து வருகிறது ஒன்று, மேற்கே காட்டுப் பக்கமிருந்து சுடச்சுட வருகிற கச்சான் ஒன்று. இரண்டும் மத்தியானத்தில் எங்கள் மலையில்தான் வந்து முட்டிக்கொள்ளும். மேற்குச் சரிவில் காலையில் பறக்கலாம், கிழக்குச் சரிவில் பின்னேரம் பறக்கலாம், இடையில் இருக்கிற ஒரு மணித்தியாலத்தில் பறந்தால் மையத்துதான், பிணம்தான். அரபு நாட்டு வெள்ளைக்காரன் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியுமா?

சித்திரை மாதம் அவள் பறந்தாள். ஐயோ, அந்த நாள்! சேலைக்கு மேலே தகப்பனின் நீளக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு பை நிறையப் பதர். ஒரு பிடி எறிந்து பார்த்தாள். இன்னொரு பிடி எறிந்தாள். பிறகு ஓடினாள். பாறை முடிந்தது, அவள் முடியவில்லை, மேலே போனாள்! நான் தொண்டை கிழியக் கத்தினேன். கீழே வினாயகமூர்த்தி வரம்பிலிருந்து எழும்பி, சால்வையைக் கழற்றிச் சுழற்றினார். சனம் ஒருவரும் குப்புற விழவில்லை. "கேதீஸ்! கேதீஸ்!" என்று வட்டை முழுக்கச் சத்தம். அவள் இறங்கி வந்து சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, இன்னொருக்கா!"

இவ்வளவு சந்தோசத்துக்கு நடுவில் ஒரு முள் இருந்தது. தை மாதமே அவள் தன் பாஸ்போட்டைக் கொழும்பில் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தாள். குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருடம். நிருஷாவுக்கு எட்டு வயது, தாத்தாவோடு விட்டுவிட்டுப் போக வேண்டும். இப்போது மாரிப் போகம் மட்டும் விளைகிற ரெண்டு ஏக்கர் வயலை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வாள்? ஆடி இருபத்திரண்டாம் திகதிக்கு டிக்கட் வந்துவிட்டது.

றிப்ஷான் ஒரு வழி சொன்னான். ஒரு மலையில் ஆட்களுக்குப் பறக்கப் பழக்குவதானால் சான்றிதழ் உள்ளவர் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அவனிடம் ஒன்று இருந்தது. கேதீஸ்வரிக்கும் கிடைத்தால் பாசிக்குடாவுக்கு வருகிற சுற்றுலாக்காரரை எல்லாம் கூட்டி வரலாம், அவளுக்கு மாதச் சம்பளம். கிடைத்தால் பூனைக்கல்மலை, கிடைக்காவிட்டால் குவைத். அவ்வளவுதான் கணக்கு. கொழும்பிலிருந்து பரிசோதகர் ஆடி பத்தொன்பதாம் திகதி வருவதாகக் கடிதம் வந்தது.

ஆனால் அவளிடம் ஒரு குறை இருந்தது. அதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு. வைகாசி மாதம் பழக்குவதற்கு ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்தார்கள். எண்பத்திரண்டு கிலோ. வயிற்றுக்கு மேலால் பட்டி பூட்டவே இரண்டு பேர் வேண்டும். மேலே கேதீஸ்வரி, கீழே இறங்கும் இடத்தில் றிப்ஷான், இருவர் கையிலும் வோக்கிடோக்கி. றிப்ஷான் கீழேயிருந்து கேட்டான், "அக்கா, காத்து இரிக்கா இல்லையா?"

அவள் பதரை எறிந்தாள். பதர் நேரே காலடியில் விழுந்தது. காற்று செத்துப்போய் நின்றது. அதை நானும் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "வரும் தம்பி."

"சரி, அப்ப விடுங்க!"

நான் ஓடினேன். காற்று வரத்தான் செய்தது, என் முதுகுப் பக்கமிருந்து. அதற்குப் பிறகு நடந்ததுதான் பாலைமரம்.

என்னை இறக்கி முடித்தபின் றிப்ஷான் மலையில் நின்று கத்தினான். "காத்து இல்லெண்டா இல்லெண்டு சொல்லணும் அக்கா! ஆள் செத்துப்போயிரும்!"

கேதீஸ்வரி அழுதுகொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும் தம்பி. வாய்க்குள்ள வந்திச்சு. இந்தப் பதர் கையில இரிக்கக்குள்ள அந்தச் சொல் வெளிய வருதில்ல."

பாருங்கள் கூத்தை! கடையில் சீனி இல்லையென்றால் இல்லை என்பாள். வீட்டில் தேங்காய் இல்லையென்றால் இல்லை என்பாள். காற்றும் பதரும் உள்ள இடம் அவளுக்குக் களவெட்டி, அங்கே ஏறினால் வாய்க்குப் பூட்டு. லேண்ட்மாஸ்டரில் போகும்போதெல்லாம் நான் சீண்டுவேன்.

"தங்கச்சி, சொல்லுகா பாப்பம். காத்து இல்லை."

"காத்து இல்லை."

"ஆ! மலைக்கு மேல?"

சிரிப்பாள். மலைக்கு மேலே அவள் கையை விரித்துக்கொண்டு பழகுபவரின் முன்னால் போய் நிற்பாள், அதுதான் அவளுடைய 'இல்லை'. எங்களுக்கு அது பழகிவிட்டது. வருகிற பரிசோதகருக்கு அது போதுமா என்று யாருக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் திகதி காலை பரிசோதகர் டயஸ் வந்து இறங்கினார். விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபது வயது, கம்பி போல உடம்பு. கொச்சையாய்த் தமிழ் பேசினார். முதல் பரீட்சை அவள் தனியாகப் பறந்து, கீழே சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் இறங்குவது. காலைக் கச்சான் மேற்குச் சரிவில் அளவாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் போய், மூன்று தரம் சுழன்று, வட்டத்தின் நடுவில் காலை வைத்தாள். நடுவில் என்றால் நடுவில்! நான் மேலே நின்று துள்ளியதில் செருப்பு ஒன்று பள்ளத்தில் விழுந்துவிட்டது.

அவள் திரும்ப ஏறி வந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. டயஸ் தானே பட்டியைப் பூட்டிக்கொண்டார்.

"இப்ப நான் மாணவன்" என்றார். "ஒண்டும் தெரியாது. கண் தெரியாது எண்டு வைங்க. காது மட்டும். நீங்க வாயால சொல்றது மட்டும்தான் செய்வேன். முன்னால வந்து நிக்கக்கூடாது. ஆகாசத்துல இருக்கிற மாணவனுக்கு முன்னால போய் நிக்க ஏலாது, சரியா?"

மனிதன் சரியாக அந்தப் புண்ணிலேயே கை வைத்துவிட்டான்.

கேதீஸ்வரி தொடங்கினாள். செட்டையை விரிக்கச் சொன்னாள், கயிறுகளைப் பார்க்கச் சொன்னாள், பூட்டுகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். குரல் தெளிவாக இருந்தது. ஒரு பிடி பதர் எறிந்தாள், அது மேற்கிலிருந்து எங்கள் பக்கம் அழகாக ஏறி வந்தது. "ஆயத்தமா நில்லுங்க" என்றாள். டயஸ் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நின்றார். விளிம்புக்கு ஏழு எட்டு அடிதான்.

அவள் இன்னொரு பிடி எறிந்தாள். பதர் நேரே கீழே விழுந்தது.

என் காதுக்குப் பின்னால் வேர்வை நின்றது. அவளைப் பார்த்தேன். அவளும் கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் தொட்டாள். மலையில் ஒரு புல் ஆடவில்லை. கீழேயிருந்து வோக்கியில் றிப்ஷான் கேட்டான், "அக்கா, காத்து இரிக்கா?"

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சொல்லுகா, சொல்லு என்று எனக்குள் நான் கத்துகிறேன். நானாவது கத்தியிருக்கலாம்தானே? கத்த முடியவில்லை. வாப்பாவின் சுளகடி வாங்கிய வாய் எனக்கும்.

"ஒண்டும் சொல்லல்ல" என்றார் டயஸ். "அப்ப போறேன்."

ஓடத் தொடங்கினார். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று.

"இல்லை!"

அவள்தான். "இல்லை! காத்து இல்லை! நில்லுங்க! இல்லை! இல்லை!"

இருபது வருடமாகப் பூட்டி வைத்த சொல் அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. கீழே வயலில் நின்ற வினாயகமூர்த்திக்கே கேட்டதாம். டயஸ் விளிம்புக்கு இரண்டடி முன்னால் குதிக்காலை ஊன்றி நின்றார். பாதி எழும்பிய செட்டை அவர் தலைக்கு மேலால் சரிந்து பாறையில் விழுந்தது.

"மூடுங்க நானா!" என்று கத்திக்கொண்டு அவள் செட்டையின் மேல் குப்புற விழுந்தாள். நெல்லுக்குப் பாய் போடுகிற அதே பாய்ச்சல். நானும் விழுந்தேன். டயஸையும் இழுத்து விழுத்தினேன், பெரிய மனிதன் என்றும் பார்க்கவில்லை. அரை நிமிசம் போயிருக்காது. கடற்காற்று கிழக்கிலிருந்து மலையின் முதுகால் ஏறி வந்து எங்கள் மேல் அடித்தது. மண், சருகு, சுள்ளி! என் இடுப்பில் கட்டிய சாரம் தலைக்கு மேலே போய்விட்டது. பாறையில் வைத்திருந்த பதர்ப் பை பறந்து பள்ளத்துக்குள் போய் மறைந்தது. எங்களுக்குக் கீழே செட்டை உயிருள்ள மாடு போலத் திமிறியது. அந்தக் காற்றில் டயஸ் ஆகாயத்தில் இருந்திருந்தால் பாறையில் பொறுக்கித்தான் எடுத்திருக்க வேண்டும்.

காற்று தணிந்தபின் அவர் எழும்பி உட்கார்ந்தார். முகமெல்லாம் மண். "ஏன் முதல்லயே சொல்லல்ல?" என்று கேட்டார்.

கேதீஸ்வரி களவெட்டி வழக்கத்தைச் சொன்னாள். அவருக்கு விளங்காத இடத்தில் நான் என் உடைந்த சிங்களத்தில் முட்டுக் கொடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நெல்லுக்கு அது சரி" என்றார். "ஆளுக்குச் சரியில்ல."

"ஓம் ஐயா" என்றாள்.

புத்தகத்தில் நெடுநேரம் எழுதினார். பாஸா என்று நான்தான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், ஆமா என்றா இல்லை என்றா தெரியாத ஆட்டம். மூன்று பேர் கையெழுத்து வைக்க வேண்டுமாம், தான் ஒருவன் மட்டுமாம், ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகுமாம். இருபத்திரண்டாம் திகதி டிக்கட் இருப்பதைச் சொன்னேன். "எனக்குப் பொய் சொல்ல ஏலாது. முடிவு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணிக்குச் செங்கலடிப் பக்கம் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் பாறையை உதைத்தேன், செருப்பில்லாத காலால். கால் நகம் போய்விட்டது.

அந்தத் தாள் ஒன்றரை மாதம் கழித்துத் தபாலில் வந்தது, பாஸ் என்று. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களை வைத்து விளையாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்றைக்கு மலையில் நின்ற எங்களுக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது.

பின்னேரம் மூன்றரை. கிழக்குச் சரிவில் கடற்காற்று நிதானமாகி, ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. நிருஷா பள்ளிக்கூடம் விட்டு வெள்ளைச் சட்டையோடே மலையேறி வந்துவிட்டாள். பை போய்விட்டதால் தாய்க்கு அவள் வேறு பையில் பதர் கொண்டு வந்திருந்தாள். றிப்ஷான் இறங்கும் இடத்தில் நின்றான். கேதீஸ்வரி செட்டையைப் பாறையில் விரித்து, கயிறு கயிறாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. எங்கள் பக்கம் அந்த மலையுச்சியில் மட்டும்தான் சிக்னல் பிடிக்கும்.

பேசியது கொழும்பு ஏஜென்சிப் பெண். சத்தமான குரல், எனக்கும் கேட்டது. நாளை இரவு பஸ் ஏற வேண்டும், மருத்துவத் தாளும் இரண்டு படமும் கொண்டுவர வேண்டும். "வாறீங்கதானே? உறுதியாச் சொல்லுங்க, லிஸ்ட் அனுப்பப் போறன்."

கேதீஸ்வரி நிமிர்ந்தாள். மகள் கையில் பதரோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு எல்லாம் விளங்கும் வயது.

"இல்லை" என்றாள் கேதீஸ்வரி.

"என்ன?"

"இல்லை. நான் வரல்ல. பாஸ்போட்டைத் தபால்ல போடுங்க."

போனை மடித்து இடுப்பில் செருகினாள். கையில் ஒன்றுமில்லை, டயஸின் தாளும் இல்லை, டிக்கட்டும் இல்லை. நிருஷா ஒரு பிடி பதரை அள்ளி எறிந்தாள். அது கிழக்கிலிருந்து எங்கள் முகத்தில் வந்து பட்டு, தலைக்கு மேலால் ஏறிப் போனது. களத்தில் நின்று இல்லை என்று சொல்லியும் காற்று எங்கும் போகவில்லை. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பிறகு கேதீஸ்வரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"நானா, பட்டியை மாட்டுங்க."

"ஆருக்கு? எனக்கா? பாலைமரத்துல தொங்கினது காணாதா? இல்லை, என்னால ஏலாது! இல்லவே இல்லை!"

"களத்துல நிண்டு என்ன சொல் சொல்றீங்க நானா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் வயிற்றுக்கு மேலால் பட்டியை இழுத்துப் பூட்டினாள். வோக்கியை நெஞ்சில் கட்டினாள். கயிறுகளைத் தொட்டாள், பூட்டுகளைத் தொட்டாள், ஒன்றையும் விடவில்லை.

"பயமா இரிக்கா?"

"இரிக்கி."

"காத்து மாறினா நான் சொல்லுவன். வாய் திறந்து சொல்லுவன். இப்ப தெரியுந்தானே?"

"தெரியும் தங்கச்சி."

நிருஷா இன்னொரு பிடி எறிந்தாள். கேதீஸ்வரி அது போகிற வழியைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள்.

"ஓடுங்க நானா!"

பிஸ்மி சொல்லி ஓடினேன்.